கிராஷ் ஆனதுபோலக் காட்டும் ஸ்கிரீன்சேவர்: உங்கள் கணினியில் வைத்திருக்கிறீர்களா?

ஆழ்கடல் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. லினக்ஸ், மேக் போன்றவற்றில் ஓடும் எக்ஸ்ஸ்கிரீன்சேவர் தொகுப்பில் இருக்கும் பிஎஸ்ஓடி ('புளூ ஸ்கிரீன் ஆஃப் டெத்') பற்றி இங்கே யாரும் தனியாக இழை தொடங்கியதாகத் தெரியவில்லை. அதனால் நானே தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கணினியைக் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் திரையில் ஏதாவது ஓடுமே, அப்படி ஓடுகிற ஸ்கிரீன்சேவர்களில் இதுவும் ஒன்று. ஆனால் மீன் தொட்டி, நட்சத்திரம் எல்லாம் இதில் வராது. விதவிதமான ஆப்பரேட்டிங் சிஸ்டங்கள் கிராஷ் ஆகும்போது கடைசியாகக் காட்டிய திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். விண்டோஸ் 95, விண்டோஸ் என்டி, பழைய மேக்கின் சோக முகம், அமிகாவின் சிவப்புப் பெட்டி, அட்டாரி எஸ்டியின் வெடிகுண்டு வரிசை, எஸ்சிஓ யூனிக்ஸ், சோலாரிஸ், ஸ்பார்க் லினக்ஸ், விஎம்எஸ், ஆப்பிள் 2, ஐபிஎம் மெயின்ஃப்ரேம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். எழுதியவர் ஜேமி ஜவின்ஸ்கி. நெட்ஸ்கேப்பின் ஆரம்பகால புரோகிராமர்களில் ஒருவர், மொசில்லா தொடங்கியதிலும் இருந்தவர். 1992-இலிருந்து இந்தத் தொகுப்பை வெளியிட்டு வருகிறார். பிஎஸ்ஓடி அதில் 1998-இல் சேர்ந்தது.

பலரும் இதை ஒரு விளையாட்டுச் சாமானாகத்தான் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிராஷ் ஆன கணினியில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது. அந்தக் காலத்தில் கையில் கேமராவோடு யாரும் உட்கார்ந்திருக்கவும் இல்லை. மானுவலில் பிழை எண்களின் அட்டவணை இருக்கும், திரை எப்படி இருந்தது என்பது இருக்காது. ஆக, அந்த இயந்திரங்களோடு வாழ்ந்தவர்களின் நினைவில் மட்டும் இருந்த ஒன்றை ஒருவர் உட்கார்ந்து புரோகிராம் கோடாக எழுதி வைத்திருக்கிறார். அதுவும் வெறும் படமாக இல்லை. எஸ்சிஓ திரையைப் பாருங்கள்: நினைவகத்தை டிஸ்க்குக்கு எழுதும்போது புள்ளி புள்ளியாக நகர்கிறது. அமிகாவின் பெட்டி மினுக்குகிறது. எழுத்துரு, நிறம், வரிகள் விழும் வேகம் எல்லாவற்றுக்கும் மெனக்கெட்டிருக்கிறார்.

நீங்கள் வைத்திருக்கிறீர்களா? எந்தத் திரை உங்களுக்குத் தெரிந்த திரை?

கோவை_ராஜன் எழுதியது:

நல்ல இழை. விண்டோஸ் பக்கம் இதற்கு ஒரு அண்ணன் உண்டு, அதையும் சேர்த்துக்கொள்வோம். விண்டோஸ் கருவிகள் தரும் சிஸ்இன்டர்னல்ஸ் தளம் வெளியிட்ட புளூஸ்கிரீன். எழுதியவர் மார்க் ருசினோவிச். பிராசஸ் எக்ஸ்புளோரர், ஆட்டோரன்ஸ் எழுதிய அதே ஆள். 2006-இல் மைக்ரோசாப்ட் அவருடைய நிறுவனத்தை வாங்கியபோது இந்த ஸ்கிரீன்சேவரும் கூடவே போனது. விண்டோஸ் கிராஷ் ஆனால் வரும் நீலத்திரையைப் போலக் காட்டும் நிரலை நீலத்திரைக்குச் சொந்தக்காரர்களே தங்கள் தளத்தில் வைத்து வழங்கினார்கள்.

அதன் வேலைப்பாடு வேறு வகை. அது காட்டும் விவரங்கள் உங்கள் கணினியிலிருந்தே எடுக்கப்பட்டவை. விண்டோஸின் பில்டு எண், பிராசசர், லோடு ஆகியிருக்கும் டிரைவர்களின் (ஹார்டுவேரை இயக்கும் நிரல்களின்) பெயர்களும் நினைவக முகவரிகளும், நினைவக அளவு எல்லாம் நிஜம். நீலத்திரை வரும், பிறகு ரீபூட் ஆவதுபோல வரும், மறுபடி வேறொரு நீலத்திரை. என்டி 4-இல் என்றால் டிஸ்க்கைச் சரிபார்த்துப் பிழை கண்டுபிடிப்பதுபோலக்கூடக் காட்டும். செட்டிங்ஸில் ஒரு டிக் போட்டால் ஹார்ட் டிஸ்க் ஓடுவதுபோலவும் செய்யும். டிரைவர் எழுதுகிறவர்களே ஒரு கணம் ஏமாறுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. விண்டோஸில் ஸ்கிரீன்சேவர் கோப்பு என்பது முழுமையான நிரல், அதற்குள் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். சிஸ்இன்டர்னல்ஸ் தளம் தவிர வேறு எங்கேயும் இதை இறக்காதீர்கள். ஜவின்ஸ்கி தன் தொகுப்பை விண்டோஸுக்கு வெளியிடவே இல்லை. 'விண்டோஸ் எக்ஸ்ஸ்கிரீன்சேவர்' என்று எங்காவது கிடைத்தால் தொடாதீர்கள்.

மீனாட்சி_லேப் எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் பொறுப்பில் இருந்தேன். ஒரு பையன் விளையாட்டாக இதைப் பொது மெஷினில் போட்டுவிட்டான். அடுத்த வகுப்பில் அந்த மெஷினில் உட்கார்ந்த பெண் சந்தேகம் கேட்க என்னிடம் வந்தாள். திரும்பிப் போனால் திரையில் நீலம். பயந்துபோய் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டாள். சேமிக்காத புரோகிராம் போயிற்று, ஒரு மணி நேர உழைப்பு. அது நிஜமான கிராஷ் இல்லை என்று தெரிந்ததும் அவள் அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆவணம், வரலாறு எல்லாம் சரி. ஆனால் பார்க்கிறவருக்கு அது ஆவணம் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

ஆழ்கடல் எழுதியது:

மேடம், நீங்கள் சொல்வதில் ஒரு வார்த்தைகூட மறுக்க முடியாது. அடுத்தவர் உட்காரும் மெஷினில் இதைப் போடவே கூடாது. அந்தப் பெண் செய்தது இயல்பான காரியம், நிஜ நீலத்திரை வந்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள். தப்பு முழுக்கப் போட்டவர் மேல்தான்.

நான் பேசுவது அவரவர் சொந்தக் கணினியைப் பற்றி மட்டும்.

ரமணன்_ஜேர்மனி எழுதியது:

அமிகா என்று வாசித்தவுடன் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜேர்மனிக்கு வந்த புதிதில் எங்கட வீட்டில் முதல் வந்த கணனி ஒரு பழைய அமிகா 500. ஆரோ பாவித்து விட்டதை அப்பா வாங்கிக் கொண்டு வந்தவர். விளையாட்டு நடந்துகொண்டு இருக்கும், திடீரென்று மேலே கறுப்புப் பின்னணியில் சிவப்புப் பெட்டி மினுக்கத் தொடங்கும். 'குரு மெடிடேஷன்' என்று ஒரு எண் வரும், இடது மவுஸ் பட்டனை அழுத்து என்று சொல்லும். அழுத்தினால் ரீபூட் ஆகும்.

பிறகுதான் அந்தப் பெயரின் கதையை அறிந்தேன். அமிகா நிறுவனம் தொடக்கத்தில் அட்டாரி 2600-க்கு ஜாய்போர்டு என்று ஒரு பலகை செய்து விற்றது. அதில் ஏறி நின்று உடம்பைச் சாய்த்து விளையாட வேண்டும். சிஸ்டம் எழுதியவர்கள் அலுத்துப் போனால் அந்தப் பலகையில் சம்மணம் கொட்டி, அசையாமல் இருந்து பார்ப்பார்களாம். அதில் பிறந்த பெயர் என்று சொல்வார்கள். சிஸ்டம் 2 வரிசையில் பெயரை எடுத்துவிட்டார்கள், வெறும் பிழை எண் என்று ஆக்கிவிட்டார்கள்.

அந்த எண்ணுக்கு அர்த்தம் இருந்தது. இரண்டு பகுதி. முதல் பகுதி என்ன பிழை என்பது, அது 8 என்று தொடங்கினால் மீள வழியில்லை. இரண்டாவது பகுதி எந்த டாஸ்கில் நடந்தது என்பதைக் காட்டும் முகவரி. எங்களுக்கு அப்போது ஒன்றும் விளங்காது. ஆனால் ஒரே விளையாட்டு ஒரே எண்ணைத்தான் திரும்பத் திரும்பத் தந்தது, அதை நானும் தம்பியும் கவனித்து கொப்பியில் எழுதி வைத்திருந்தோம்.

அட்டாரியும் அப்படித்தான். எத்தனை குண்டு வருகிறதோ அதுதான் பிழையின் எண். இரண்டு குண்டு என்றால் பஸ் எரர், மூன்று என்றால் அட்ரஸ் எரர். எழுத்தே தேவையில்லை, எண்ணிப் பார்த்தால் போதும்.

கெர்னல்_குமரன் எழுதியது:

ரமணன் அண்ணா சொன்னதுதான் இந்த இழையின் சாரம் என்று எனக்குப் படுகிறது. அந்தத் திரைகள் எல்லாம் ஏதோ சொல்ல முயன்றன. விண்டோஸ் டிரைவர் பிழைகளைப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

என்டி 3.1 முதல் 4 வரை வந்த நீலத்திரை, 80-க்கு 50 டெக்ஸ்ட் திரை. மேலே பிழை எண்ணும் நான்கு கூடுதல் மதிப்புகளும். அதற்குக் கீழே லோடு ஆகியிருந்த டிரைவர்களின் பட்டியல், முகவரியோடு. அதற்கும் கீழே ஸ்டாக், அதாவது விழும்போது எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்பதன் தடம். தெரிந்தவர் ஒருவர் அந்தத் திரையை மட்டும் பார்த்தே எந்த டிரைவர் சொதப்பியது என்று ஊகித்துவிடலாம். விண்டோஸ் 2000-இல் டிரைவர் பட்டியலை எடுத்துவிட்டு, பயனருக்கு ஆலோசனை சொல்லும் பத்திகளைப் போட்டார்கள். 2012-இல் விண்டோஸ் 8 சோக முகத்தைக் கொண்டுவந்தது. 2016-இல் க்யூஆர் கோடு. ஒவ்வொரு தடவையும் திரை பயனரிடம் மென்மையாகப் பேசியது, விவரம் குறைந்தது. 2025-இல் விண்டோஸ் 11-இல் கறுப்பாக மாற்றியபோது முகத்தையும் க்யூஆரையும் எடுத்துவிட்டு, பிழைக் குறியீட்டையும் காரணமான டிரைவரின் பெயரையும் முன்னால் கொண்டுவந்தார்கள். நிறம் மாறியது பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அந்த டிரைவர் பெயர் முன்னால் வந்ததுதான் பெரிய விஷயம்.

ஏன் நீலம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். என்டியின் நீலத்திரையை எழுதியவர் ஜான் வெர்ட். அவர் வேலை செய்த மிப்ஸ் பிராசசர் இயந்திரத்தின் ஃபர்ம்வேர் நீலத்தில் வெள்ளை எழுத்து. அவர் பயன்படுத்திய ஸ்லிக்எடிட் எடிட்டரும் அதே நிறம். அதனால் கிராஷும் அதே நிறத்தில் வந்தது. ஸ்டீவ் பால்மர்தான் நீலத்திரையை எழுதினார் என்று 2014-இல் செய்தித் தளங்கள் எல்லாம் போட்டன, அது தவறு. பால்மர் எழுதியது விண்டோஸ் 3.1-இல் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் அழுத்தினால் வரும் திரையின் வாசகம். விண்டோஸ் 95-இன் கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) பிழைத் திரைக்கு இறுதி வடிவம் கொடுத்தவர் ரேமண்ட் சென். அதை அவரே விளக்கி எழுதினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீலத்திரை வருவது விண்டோஸ் தோற்றுப்போனதால் என்று நினைக்கிறோம். கெர்னல் தன் உள்கணக்கு எங்கோ இடிக்கிறது என்று கண்டுபிடித்து, இதற்கு மேல் ஓடினால் உங்கள் கோப்புகளை நாசமாக்கிவிடுவேன் என்று தானாக நிற்கும் இடம் அது. நின்ற பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது: நினைவகத்தில் இருந்ததை டிஸ்க்கில் எழுதுவது. வழக்கமான டிஸ்க் டிரைவர்களை அப்போது நம்ப முடியாது, அதனால் இதற்கென்றே தனியாக ஒதுக்கி வைத்த டிரைவர் வழியாக எழுதுகிறது. பெரும்பாலும் பேஜ்ஃபைலுக்குள் (நினைவகம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் டிஸ்க் கோப்பு). அடுத்த பூட்டில் அதை எடுத்து டம்ப் கோப்பாக்கும். நீலத்திரையில் ஓடும் சதவீதம் 100 ஆகும்வரை பவரை அணைக்காதீர்கள். அந்த டம்ப் இருந்தால்தான் என்னைப் போன்றவர்களால் காரணம் சொல்ல முடியும்.

மைதிலி எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். போன வாரம் அப்பாவின் லேப்டாப்பில் திரை முழுக்க நீலமாகி, உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று ஃபோன் நம்பர் வந்தது. அதுவும் இந்த மாதிரி ஸ்கிரீன்சேவர்தானா? அப்பா கூப்பிடவில்லை, நான் வரும்வரை அப்படியே வைத்திருந்தார்.

கெர்னல்_குமரன் எழுதியது:

அப்பா செய்தது மிகச் சரி. அவரிடம் சொல்லுங்கள்.

அது ஸ்கிரீன்சேவர் இல்லை அம்மா, மோசடி. நிஜ நீலத்திரையில் ஃபோன் நம்பர் வராது. விண்டோஸ் எந்தப் பதிப்பிலும் அப்படி ஒரு திரை இல்லை. பெரும்பாலும் அது பிரவுசர் பக்கம் ஒன்று முழுத்திரைக்கு விரிந்து நிற்பது. எஸ்கேப் விசையை அழுத்திப் பிடித்துப் பாருங்கள், இல்லையென்றால் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சில சமயம் நிரலாகவே வரும். 2016 அக்டோபரில் மைக்ரோசாப்ட் எச்சரித்த ஹிகர்டிஸ்மோஸ் அந்த ரகம். மைக்ரோசாப்டின் வைரஸ் எதிர்ப்பு நிரலை இன்ஸ்டால் செய்வதுபோல வந்து, மவுஸ் அம்பை மறைத்து, டாஸ்க் மேனேஜரையும் முடக்கி, ஃபோன் நம்பரோடு போலி நீலத்திரை காட்டியது. அதனால் ஏதாவது இறக்கி நிறுவினாரா என்று அப்பாவிடம் கேளுங்கள். பணம் ஏதும் போயிருந்தால் இந்தியாவின் இணைய மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுக்கலாம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

கோவை_ராஜன் எழுதியது:

நிஜமா போலியா என்று சந்தேகம் வந்தால் நான் செய்வது: ஷிஃப்ட் விசையை ஒரு தட்டு. ஸ்கிரீன்சேவர் என்றால் மறைந்துவிடும் அல்லது பாஸ்வேர்டு கேட்கும். மறையவில்லையா, கேப்ஸ் லாக் விசையை அழுத்தி அதன் விளக்கைப் பாருங்கள். நிஜமாகவே கெர்னல் நின்றுபோயிருந்தால் அந்த விளக்கு மாறாது. வேறொரு மெஷினிலிருந்து பிங் செய்தாலும் (நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று கேட்டாலும்) பதில் வராது. பவர் பட்டன் பக்கம் கை போவதற்கு முன் இதையெல்லாம் செய்துவிடலாம்.

மீனாட்சி_லேப் எழுதியது:

இதை லேப் சுவரில் ஒட்ட வேண்டும் என்று தோன்றுகிறது. நன்றி ராஜன் சார்.

குமரன் தம்பி, ஒரு கேள்வி. மாணவர்களுக்கு நிஜமான கிராஷைக் காட்டி, டம்ப் கோப்பைத் திறந்து பார்க்கச் சொல்லிக் கொடுக்க வழி உண்டா? ஸ்கிரீன்சேவரில் அது முடியாதே.

கெர்னல்_குமரன் எழுதியது:

உண்டு டீச்சர். அதே சிஸ்இன்டர்னல்ஸ் தளத்தில் நாட்மைஃபால்ட் என்று ஒரு கருவி இருக்கிறது. என்ன வகைப் பிழை வேண்டும் என்று தேர்ந்தெடுத்து 'கிராஷ்' பட்டனை அழுத்தினால் கெர்னல் உண்மையாகவே விழும். கட்டாயம் விர்ச்சுவல் மெஷினில் மட்டும் செய்யச் சொல்லுங்கள், முதலில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டு. பிறகு மைக்ரோசாப்டின் பிழை ஆராயும் கருவியான விண்டிபிஜியில் டம்பைத் திறந்து அனலைஸ் கட்டளை கொடுத்தால், பழி எந்த டிரைவர் மேல் விழுகிறது, ஸ்டாக் எப்படி இருந்தது எல்லாம் வரும். எந்தப் பிழையை ஏற்படுத்தினோம் என்று முன்பே தெரிந்திருப்பதால், விடை சரியா என்று அவர்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பயணி_72 எழுதியது:

2024 ஜூலை 19-ஐ யாரும் சொல்லவில்லையே. அன்று நான் விமான நிலையத்தில் இருந்தேன். கவுண்டர் திரைகள் எல்லாம் நீலம். கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன என்று மைக்ரோசாப்ட் கணக்குச் சொன்னது. மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அதற்குப் பிறகு நீலத்திரையை அலங்காரமாக வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

கோவை_ராஜன் எழுதியது:

அந்த நாளில் மறுபக்கம் இருந்தவன் நான். ஒவ்வொரு மெஷினாகப் போய் சேஃப் மோடில் ஏற்றி, ஒரு கோப்பை நீக்கி, ரீபூட் செய்ய வேண்டியிருந்தது. பிட்லாக்கரால் டிஸ்க்கைப் பூட்டியவற்றுக்கு ரெக்கவரி கீ தேடி அலைந்தோம். தூங்கவில்லை. அந்த மனநிலையில் எவனாவது ஸ்கிரீன்சேவராக நீலத்திரை காட்டியிருந்தால் நிஜமாகவே சண்டை போட்டிருப்பேன்.

அதனால் பயணியின் உணர்வு எனக்குப் புரிகிறது. அலுவலகத்தில், சர்வர் அறையில், கவுண்டரில் இது வேண்டவே வேண்டாம். ஆனால் அன்று எங்களைக் காப்பாற்றியதும் திரையில் வந்த அந்த டிரைவர் பெயர்தான். எல்லா மெஷினிலும் ஒரே பெயர் வந்ததால் எங்கே தேடுவது என்று உடனே தெரிந்தது.

ஆழ்கடல் எழுதியது:

பயணி நண்பரே, வைத்துக்கொள்ளச் சொல்லி யாரையும் வற்புறுத்தவில்லை. உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் வாதம் செய்ய மாட்டேன்.

ஜவின்ஸ்கியின் வடிவமைப்பில் ஒரு விஷயத்தை மட்டும் சேர்க்கிறேன். எக்ஸ்ஸ்கிரீன்சேவர் வெறும் படம் காட்டுவது அல்ல, திரையைப் பூட்டுவதும் அதுதான். லினக்ஸ், யூனிக்ஸில் திரையைக் கையாளும் எக்ஸ்11-இல் பூட்டும் நிரல் கிராஷ் ஆனால் பூட்டு திறந்துகொள்ளும், கடந்து போகிற யாரும் உள்ளே நுழையலாம். அதனால்தான் படம் வரைகிற ஒவ்வொரு நிரலும் தனி பிராசஸாக ஓடுகிறது. கிராஷை வரைந்து காட்டும் பிஎஸ்ஓடி தானே கிராஷ் ஆனாலும் பூட்டு அசையாது. 2021-இல் வந்த 6.0 பதிப்பில் பாஸ்வேர்டு கேட்கும் பகுதியையும் பிரித்துவிட்டார். ஒரு நிரல் விழுந்தால் எது பாதிக்கப்பட வேண்டும், எது பாதிக்கப்படக் கூடாது என்று இத்தனை வருடமாக யோசித்த மனிதர், மற்ற சிஸ்டங்கள் விழுந்த விதத்தை இவ்வளவு கவனமாக வரைந்ததில் எனக்கு வியப்பில்லை.

பென்குயின்_தாசன் எழுதியது:

லினக்ஸில் இப்போது நிஜமாகவே நீலத்திரை வந்துவிட்டது, கவனித்தீர்களா? 2023 டிசம்பரில் வந்த சிஸ்டம்டி 255-இல் (லினக்ஸைத் தொடங்கி வைக்கும் நிரல்), பூட் ஆகாமல் நின்றால் பிழைச் செய்தியை முழு நீலத்திரையில் க்யூஆரோடு காட்டும் வசதி உண்டு. லினக்ஸ் கெர்னல் 6.10-இல் பேனிக் (கெர்னலே கிராஷ்) ஆனால் கிராஃபிக்ஸ் திரையிலேயே செய்தி காட்டும் ஏற்பாடு வந்தது, 6.12-இல் அதற்கும் க்யூஆர். முன்பெல்லாம் டெஸ்க்டாப் ஓடும்போது பேனிக் வந்தால் திரை அப்படியே உறைந்து நிற்கும், காரணம் எங்கேயும் தெரியாது. இந்த க்யூஆரில் பேனிக் செய்தியே அடங்கியிருக்கிறது, ஃபோனில் எடுத்துக் குமரன் போன்றவர்களுக்கு அனுப்பிவிடலாம்.

எமுலேட்டரில் (பழைய கணினியைப் போல நடிக்கும் நிரல்) இப்போது பழைய சிஸ்டங்களையும் ஓட்டி ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாமே ஆழ்கடல்? ஆவணம் என்கிற வாதம் இன்னும் நிற்குமா?

ஆழ்கடல் எழுதியது:

அமிகா, மேக், என்டி எல்லாம் எமுலேட்டரில் எடுக்கலாம், உண்மை. ஆனால் ஒரு பழைய மெயின்ஃப்ரேமையோ ஸ்பார்க் மெஷினையோ குறிப்பிட்ட விதத்தில் விழவைக்க, அந்த ஹார்டுவேர் பிழையையே உண்டாக்க வேண்டும். பல எமுலேட்டர்கள் அந்தப் பிழைப் பாதையைச் சரியாகப் பின்பற்றுவதில்லை. அதுவரை ஆள் பார்த்து எழுதி வைத்ததுதான் நமக்கு இருக்கிறது. அதன் மூலக்கோடில் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனித்தனி ஃபங்ஷன் இருக்கிறது, படித்துப் பாருங்கள், சி தெரிந்தால் போதும்.

ரமணன்_ஜேர்மனி எழுதியது:

நேற்றிரவு நிறுவிப் பார்த்தேன். அமிகா திரை மட்டும் வர வேண்டும் என்றால் என்ன செய்வது? மற்றவை வேண்டாம். தம்பிக்கு வீடியோவில் காட்டப் போகிறேன்.

ஆழ்கடல் எழுதியது:

செட்டிங்ஸில் பிஎஸ்ஓடியைத் திறந்தால் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஒரு டிக் பெட்டி இருக்கும். அமிகாவை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் எடுத்துவிடுங்கள். டெர்மினலில் நேராக ஓட்டுவதானால் 'ஒன்லி' ஆப்ஷனுக்குப் பின்னால் அமிகா என்று கொடுத்தால் போதும்.

அந்தக் கொப்பி இன்னும் கையில் இருந்தால், எந்த விளையாட்டுக்கு எந்த எண் வந்தது என்று இங்கே போடுங்கள் அண்ணா.